லாரிக்காரனுக்குக் கிடைக்காத பெல்ட்

இன்று காலை பெட்டியின் டேப்பைக் கிழித்ததும் குப்பென்று வந்தது அந்த ரப்பர் வாடை. உள்ளே முழுக்க நம் லாரிக்காரன். கட்டம் போட்ட சட்டை, நுனி வளைந்த தொப்பி, இரண்டு கையையும் முறுக்கிக்கொண்டு பெட்டி நிறையப் படுத்துக் கிடக்கிறான். ஒவ்வொன்றின் மேலும் பாதி விலை என்று சிவப்பு ஸ்டிக்கர். ஆள் ரெஸ்லிங் கம்பெனியை விட்டுப் போய்விட்டானாம், அதனால் அவன் பொம்மை பழைய சரக்காம். கிடைத்த விலைக்குத் தள்ளிவிடுங்கள் அண்ணாச்சி என்று சொல்லிவிட்டு டிஸ்ட்ரிபியூட்டரின் ஆள் டீ கூடக் குடிக்காமல் கிளம்பிவிட்டான்.

நீ இருந்திருந்தால் ஒன்றை எடுத்து மூக்கருகே வைத்து மோந்து பார்த்திருப்பாய். "புது பொம்மைக்கும் புது ஸ்பீக்கருக்கும் ஒரே வாசன அண்ணாச்சி" என்பாய். வாடிக்கையாளர் நிற்கும்போது பொம்மையை மோந்து பார்க்காதே என்று எத்தனை முறை சொல்லியிருப்பேன். ஒரு நாளும் கேட்டதில்லை.

எனக்கு வந்தது அழுகை இல்லை, எரிச்சல். அந்த எரிச்சலோடுதான் தி.நகர் கடைக் கல்லாவில் உட்கார்ந்து இதை எழுதுகிறேன். கடிதம் எழுதிப் பழக்கமில்லாதவன் நான். சரக்கு வரவில்லை என்று திட்டி எழுதியதுதான் இதுவரை எழுதிய கடிதமெல்லாம். இதுவும் ஏறக்குறைய அப்படித்தான் வரும்.

நம் விஷயத்தை வெளியாளிடம் சொன்னால் முதலில் கேட்கும் கேள்வி ஒன்றுதான். "டிவி ரெஸ்லிங் எல்லாம் பொய்தானே? யார் ஜெயிக்கணும்னு ஆபீஸ்ல உக்காந்து முன்னாடியே எழுதிடுறாங்களாமே?" என் மனைவி கேட்டாள், என் சம்பந்தி கேட்டார், உன் பங்குச்சாமியார்கூடக் கேட்டார். அவருக்கு நீ சொன்ன பதில் எனக்கு இன்றும் மனப்பாடம். "கூத்துல எவன் சாவப்போறான்னு ஊருக்கே தெரியும் ஃபாதர். அதுக்காவ வுடிய வுடிய குந்திகினு பாக்காம இருந்தாங்களா?" அவர் சிரித்துக்கொண்டே போய்விட்டார். நீ விடவில்லை. என்னைப் பார்த்து, "சண்ட பொய்யி, வுழுற அடி நெசம்" என்றாய்.

நாம் சந்தித்ததே ஒரு சண்டையில்தான். பனகல் பார்க் பக்கம் நடைபாதையில் தார்ப்பாய் விரித்து ரெஸ்லிங் சீட்டுக்கட்டு விற்றுக்கொண்டிருந்தேன். ஊரிலிருந்து வந்து பாத்திரக் கடையில் வேலை பார்த்து, முதலாளியோடு ஒத்துப்போகாமல் சொந்தமாகப் பாய் விரித்த காலம். ஒவ்வொரு சீட்டிலும் ஒரு வீரனின் படம், உயரம், எடை, ரேங்க் இருக்கும். பள்ளிக்கூடம் விட்டால் பிள்ளைகள் ஈ மொய்த்ததுபோல் மொய்ப்பார்கள். அந்தக் கூட்டத்தை விலக்கிக்கொண்டு மீசை வைத்த ஆளாக நீ, தோளில் வயர் சுருளோடு வந்து ஒரு கட்டு வாங்கினாய். தம்பிக்கோ பிள்ளைக்கோ என்று நினைத்தேன். நின்ற இடத்திலேயே பிரித்து ஒவ்வொன்றாகப் பார்த்துவிட்டு ஒரு சீட்டை என் மூக்குக்கு நேராக நீட்டினாய்.

"இன்னா நைனா, இவனுக்குப் போய் பதினேழாவது ரேங்கா? எவன் போட்டது இத்த?"

"அச்சடிக்கிறவன் போடுதான். எனக்கென்ன தெரியும்?"

"தெரியாமயே விக்கிறியா?"

"தெரிஞ்சா விக்க முடியாதுண்ணே."

நீ சிரித்த சிரிப்பில் வயர் சுருள் தோளிலிருந்து நழுவிப் பாயில் விழுந்து என் சீட்டெல்லாம் கலைந்தது. குந்தி உட்கார்ந்து அடுக்கிக் கொடுத்தாய். ரேங்க் படி அடுக்கவில்லை, உன் இஷ்டப்படி அடுக்கினாய். அந்தப் பதினேழாவது ஆளை எல்லாருக்கும் மேலே வைத்துவிட்டுப் போனாய். அன்றைக்கே நான் உன்னைப் புரிந்துகொண்டிருக்க வேண்டும்.

நீ மைக்செட் வைத்திருந்தாய். சாந்தோமிலிருந்து பெசன்ட் நகர் வரை எந்தக் கோயில் கொடியேற்றம் என்றாலும், எந்தத் தெருவில் காதுகுத்து என்றாலும் உன் ஸ்பீக்கர்தான் கட்டியிருக்கும். நான் பாயிலிருந்து படிக்கட்டுக்கு அடியில் ஒரு பெட்டிக்கடைக்கும், அங்கிருந்து இரண்டு மாடிக் கடைக்கும் வந்தேன். பொம்மை, பலூன், பிறந்தநாள் சாமான் எல்லாம் சேர்ந்தது. ஆனாலும் செவ்வாய்க்கிழமை காலை மட்டும் மாறவில்லை. அமெரிக்காவில் திங்கள் இரவு நடப்பது நமக்குச் செவ்வாய் விடியல். கடை திறக்கும் முன்பு, மேல்மாடி குடோனில் அட்டைப்பெட்டிகளுக்கு நடுவே டிவி. நீ ஸ்கூட்டரில் வடகறி வாங்கிக்கொண்டு வருவாய். இட்லி என் பொறுப்பு. பேரப்பிள்ளை எடுக்கிற வயதிலும் இதை விடவில்லையே என்று நம் இரண்டு வீட்டிலும் தலையில் அடித்துக்கொண்டார்கள்.

பார்ப்பது ஒரே திரைதான். பார்க்கும் கண் வேறு. ஒரு வீரன் நுழையும் பாட்டு தொடங்கியதும் நீ கண்ணை மூடிக்கொள்வாய். கூட்டத்தின் சத்தத்தை மட்டும் கேட்பாய். "மாப்பிள்ளைக்குக் கத்துறது பாதி மிஷின்ல ஏத்துனது அண்ணாச்சி. ஒரே அலையா வருது பாரு. நெசக் கூட்டம் அப்பிடிக் கத்தாது, பிசிறு அடிக்கும்." கம்பெனியின் செல்லப்பிள்ளைக்கு மாப்பிள்ளை என்று பேர் வைத்ததும் நீதான். என்ன சொதப்பினாலும் வடை பாயசத்தோடு இலை போடுகிறார்கள் என்று. லாரி ஹாரன் அடித்துக்கொண்டு நுழையும் இன்னொருவனுக்கு லாரிக்காரன். பாவம், அவனுக்கு எப்போதும் கையேந்தி பவன்தான்.

நான் பார்த்தது வேறு. எவன் ஒப்பந்தம் எப்போது முடிகிறது, எவன் சட்டை விற்கிறது, எவனுக்கு முட்டி போய்விட்டது. எல்லாவற்றுக்கும் மேலாக, பொம்மை கேட்லாக். புதுச் சரக்குக்கான கேட்லாக் மூன்று மாதம் முன்பே என் கைக்கு வந்துவிடும். அதில் எந்தப் பொம்மை இடுப்பில் தங்க பெல்ட்டோடு நிற்கிறதோ, அவன்தான் அடுத்த சாம்பியன். அச்சு வார்க்கிறவனுக்குச் சொல்லாமல் பொம்மை செய்ய முடியாதல்லவா? இந்த ரகசியத்தைக் கண்டுபிடித்த அன்று உன்னிடம் பெருமையாகச் சொன்னேன். நீ இரண்டு காதையும் பொத்திக்கொண்டாய். "யார்னு மட்டும் சொல்லாத. சொன்ன, அப்பறம் நான் இந்தப் படி ஏற மாட்டேன்." அதிலிருந்து அது நமக்குள் சட்டம். கேட்லாக் வந்தால் நான் பார்ப்பேன், உன்னிடம் மூச்சு விடமாட்டேன்.

அந்தச் சட்டத்தில்தான் வந்தது வினை.

லாரிக்காரனுக்கு ஒரு வருடமாகக் கதை கட்டினார்கள். அவன் தோற்ற விதம், எழுந்த விதம், ஊர் ஊராகக் கூட்டம் அவன் ஹாரனைத் தொண்டையிலேயே அடித்த விதம். நீ என்னைத் திரும்பிப் பார்த்துச் சொன்னாய்: "இவ்ளோ நாள் காத்துகினு இருந்தவனுக்கு ஒரு நாளு குடுத்துடணும் அண்ணாச்சி. குடுக்கலன்னா கூட்டம் கையக் கட்டிக்கும். கட்டுன கைய அப்பறம் எந்தப் பாட்டு போட்டும் அவுக்க முடியாது." மைக்செட்காரன் சொன்னால் அதில் அனுபவம் இருக்கும். நான் மறுக்கவில்லை. இட்லியைப் பிட்டுக்கொண்டு பேசாமல் இருந்தேன். ஏனென்றால் கேட்லாக் என் மேஜை டிராயரில் இருந்தது. பெல்ட் மாப்பிள்ளையின் இடுப்பில் இருந்தது.

வருடத்துக்கு ஒருமுறை வரும் பெரிய ஷோ. அன்று நீ புதுச் சட்டை போட்டு வந்திருந்தாய். வடகறியோடு கேசரியும் இருந்தது. கடைசி ஆட்டம். லாரிக்காரன் மாப்பிள்ளையைத் தூக்கிப் போட்டு அமுக்கிவிட்டான், நடுவர் இரண்டு முறை தரையைத் தட்டிவிட்டார், மூன்றாவது தட்டு விழுந்தால் பெல்ட் அவனுக்கு, நீ எழுந்தே நின்றுவிட்டாய். அப்போது மாப்பிள்ளையின் கூட்டாளி ஒருத்தன் எங்கிருந்தோ புகுந்து இரும்பு நாற்காலியால் முதுகில் ஒரு போடு போட்டான். முடிந்தது. பெல்ட் மாப்பிள்ளைக்கு. டிவியில் கூட்டம் கையைக் கட்டிக்கொண்டு நின்றது. நீயும் அப்படியே நின்றாய்.

நான் பேசாமல் இருந்திருக்கலாம். வியாபாரி வாய் சும்மா இருக்குமா?

"இதுல ஆச்சரியப்பட ஒண்ணுமில்ல மக்கா. மாப்பிள்ளை சரக்கு ஓடுது, லாரிக்காரன் சரக்கு ஓடல. கம்பெனி எதைச் செய்யும்?"

"ஓடலயா? உன் கடைல ஓடலன்னு சொல்லு. மாப்பிள்ளைய கண்ணு மட்டத்துல வெச்சிகிற. லாரிக்காரன கீழ் தட்டுல, பக்கெட்டுக்குப் பின்னால வெச்சிகிற. கொயந்த எப்பிடி எடுக்கும், தவழ்ந்துகினு போயா?"

"விக்கிறத மேல வைக்கதுதான் வியாபாரம்."

"மேல வெச்சதால விக்கிது."

இதோடு முடிந்திருந்தால் வழக்கமான செவ்வாய்க்கிழமைச் சண்டை. சூட்டில் நான் அடுத்த வார்த்தையை விட்டுவிட்டேன். "எனக்கு மூணு மாசம் முன்னாடியே தெரியும். நீதான் சும்மா குதிச்சிக்கிட்டு இருந்த."

நீ என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தாய். "மூணு மாசமா தெரிஞ்சிகினு, நான் பேசச்சொல்லோ எல்லாம் இட்லி துன்னுகினு இருந்தியா?"

"நீதானே சொல்லாதன்ன?"

"சொல்லாதன்னு சொன்னேன். சிரிக்கச் சொன்னேனா?"

நான் சிரிக்கவில்லை என்றுதான் இன்றைக்கும் நினைக்கிறேன். ஒருவேளை சிரித்திருப்பேன். "நீயும் அந்த ஆபீஸ்ல குந்திகினு எய்துற ஆளுதான்யா" என்று சொல்லிவிட்டுக் கேசரி டப்பாவைத் திறக்காமலே எடுத்துக்கொண்டு இறங்கிப் போனாய்.

அடுத்த செவ்வாய் நீ வரவில்லை. அதற்கு அடுத்ததும் வரவில்லை. வேறு எந்த மனிதனாக இருந்தாலும் போன் போட்டிருப்பான், சாந்தோமுக்கு ஒரு ஆட்டோ பிடித்திருப்பான். நான் என்ன செய்தேன் தெரியுமா? ரசித்தேன். ரெஸ்லிங்கில் பெரிய தோல்விக்குப் பிறகு ஒரு ஆள் காணாமல் போனால் அதற்கு அர்த்தம் உண்டு. திரையில் காட்ட மாட்டார்கள், பேரைக்கூடச் சொல்ல மாட்டார்கள். கூட்டம் ஏங்க ஏங்க, எதிர்பாராத ஒரு நாளில் பாட்டு ஒலிக்கும், ஆள் வருவான், அரங்கமே இடிந்து விழும். நீ அதைத்தான் செய்கிறாய் என்று நம்பினேன். ஆகஸ்டில் இன்னொரு பெரிய ஷோ உண்டு, அன்று கீழே உன் ஸ்கூட்டர் ஹாரன் கேட்கும், நீ ஒன்றும் நடக்காததுபோல் படியேறி வருவாய், முதல் வார்த்தையே என்னைத் திட்டுவதாக இருக்கும். நடுவில் போன் போட்டால் அந்த வரவின் ருசி கெட்டுவிடும். நம்பு, இதை நினைத்துத்தான் நான் போனைத் தொடவில்லை. இதை யாரிடமாவது சொன்னால் சிரிப்பார்கள். உனக்கு மட்டும்தான் புரியும், உன்னிடமோ சொல்ல முடியாது.

அந்தப் பெரிய ஷோவும் வந்தது. இட்லி இரண்டு பேருக்கு வாங்கினேன். நீ வரவில்லை. சரி, இன்னும் இழுக்கிறான் என்று நினைத்தேன்.

பெசன்ட் நகர் மாதா கோயில் திருவிழாவுக்குப் போனபோது உன் டெம்போ நின்றது. உன் மனைவி ஸ்டெல்லாவின் தம்பி ஜெரி கம்பத்தில் ஏறி ஸ்பீக்கரைத் திருப்பிக்கொண்டிருந்தான். "உங்க மாமா எங்கலே?" என்றேன். "பித்தப்பைல கல்லுண்ணே. ரெஸ்ட்ல கீறாரு. சொல்லக் கூடாதுன்னு சொன்னாரு" என்று கம்பத்தைப் பார்த்துக்கொண்டே சொன்னான். அதையும் நான் உன் நாடகத்தில் சேர்த்துவிட்டேன். காயம்பட்டவனாக நடித்துவிட்டு வருவது பழைய உத்தி அல்லவா? யார் ஒப்பந்தம் எப்போது முடியும் என்று கடல் தாண்டிக் கணக்குப் போட்டவனுக்கு, கம்பத்தின் மேலே இருந்தவன் முகம் ஏன் அப்படி இருந்தது என்று படிக்கத் தெரியவில்லை. இதில் யாரைத் திட்டுவது? உன்னைத்தான் திட்டுகிறேன். அவ்வளவு நன்றாக ஏன் மறைத்தாய்?

தீபாவளிக் கூட்டத்தில் கடை மூச்சுத் திணறிக்கொண்டிருந்தபோது ஸ்டெல்லா வந்தாள். உன் மனைவி என் கடைக்குப் பொம்மை வாங்கத்தான் வருவாள். அன்று கல்லாவுக்கு நேரே வந்து நின்றாள்.

"அண்ணே, அவரு உங்களத் திட்டிகினே கீறாரு."

"எதுக்குத் தங்கச்சி?"

"எதுக்கோ. டிவி போட்டா திட்டுறாரு, நிறுத்துனா திட்டுறாரு. பதிலுக்குப் பேச ஆளு இல்லாம ரொம்ப வாடிப் போய்கிறாரு. ஒருவாட்டி வந்து சண்ட போட்டுட்டுப் போங்கண்ணே." பிறகு குரலை இறக்கி, கல்லு இல்லை, கணையத்தில் கட்டி, ஏப்ரலிலேயே தெரியும், டாக்டர்கள் வீட்டுக்கே அனுப்பிவிட்டார்கள் என்று சொன்னாள். பக்கத்தில் ஒரு குடும்பம் கம்பி மத்தாப்பு போன்ற பிளாஸ்டிக் விளக்கு ஒன்றை எரியவிட்டுப் பார்த்துக்கொண்டிருந்தது. கல்லாவை மருமகனிடம் விட்டேன். தீபாவளிக்கு முந்தைய வாரம் கல்லாவை விட்டு நான் எழுந்தது அதுதான் முதல் தடவை.

ஆட்டோவில் வரும்போதே முடிவு செய்துவிட்டேன். எல்லாவற்றையும் விட்டுக்கொடுத்துவிட வேண்டும். நீ சொன்னதுதான் சரி, கம்பெனி செய்தது தப்பு, நான் தட்டில் வைத்தது தப்பு. லஸ் சிக்னலில் நின்றபோது அதை வாய்க்குள் சொல்லிக்கூடப் பார்த்தேன்.

கட்டிலில் பாதியாகக் கிடந்தாய். மீசை மட்டும் அப்படியே இருந்தது. என்னைப் பார்த்ததும், "வாய்யா, ஆபீசரு" என்றாய்.

நான் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு, மனப்பாடம் செய்ததை ஒப்பித்தேன். "மக்கா, யோசிச்சுப் பாத்தேன். நீ சொன்னதுதான் நியாயம். லாரிக்காரனத்தான் ஜெயிக்க வச்சிருக்கணும். அவன் பொம்மைய மேல் தட்டுக்கு மாத்திட்டேன்."

நீ சமையலறைப் பக்கம் திரும்பி, "ஸ்டெல்லா, இந்தாளு எனக்கு ஜெயிச்சுக் குடுக்க வந்துகீறான்" என்றாய்.

"நெசமாத்தான் சொல்லுதேன்."

"இத்தினி வருசம் ரெஸ்லிங் பாத்து என்னா தெரிஞ்சிகின நீ? போறவன் எப்பிடிப் போணும்?"

எனக்குத் தெரியும். உனக்கும் தெரியும். அந்தத் தொழிலில் எழுதாத சட்டம் ஒன்று உண்டு. கம்பெனியை விட்டுப் போகிறவன், எவ்வளவு பெரிய ஆளாக இருந்தாலும், கடைசி ஆட்டத்தில் தோற்றுவிட்டுத்தான் போக வேண்டும். போகிறவன் கையில் வெற்றி இருந்தால் அது அவனோடு போய்விடும், யாருக்கும் உதவாது. இருக்கிறவனுக்குக் கொடுத்துவிட்டுப் போனால் அதை வைத்து அவன் இன்னும் நாலு ஊர் ஆடுவான்.

"அதுக்கும் இதுக்கும் என்ன?" என்றேன். என் குரல் எனக்கே பிடிக்கவில்லை.

"நான் தோத்துட்டேன். நீ ஜெயிச்சிட்ட. மாப்பிள்ளைதான் சரி. விக்கிறதுதான் விக்கும். போதுமா?"

"மனசுல இல்லாதத பேசாத."

"நீ பேசுனியே, நீ மட்டும் மனசுலேர்ந்தா பேசுன? பொம்மைய மேல் தட்டுல வெச்சியா, சத்தியமா?"

வைக்கவில்லை. மறுநாள் வைக்கலாம் என்று இருந்தேன். நான் தலையைக் குனிந்ததும் நீ சிரிக்க ஆரம்பித்து, அது இருமலாகி, ஸ்டெல்லா ஓடி வந்து முதுகைத் தடவினாள். மூச்சு வந்ததும் விட்ட இடத்திலிருந்து பிடித்தாய். "வேற கம்பெனிலேர்ந்து ஆஃபர் வந்துகீது அண்ணாச்சி. மேல. சம்பளம் இன்னான்னு மட்டும் சொல்ல மாட்றாங்க."

அப்போதுதான் எனக்குக் கோபம் வந்தது. நிஜமான கோபம். "ஏன் சொல்லல? ஏப்ரல்லேர்ந்து தெரிஞ்சிருக்கு. நான் அங்க உக்காந்து நீ வருவ வருவன்னு பாத்துக்கிட்டு இருக்கேன். ஒரு வார்த்தை சொன்னா என்ன?"

நீ தம்ளரை எடுத்தாய். தண்ணீர் குடித்தாய். "நீ மூணு மாசம் தெரிஞ்சிகினு சொல்லல. நானும் சொல்லல. சரியாப் போச்சு."

"அதும் இதும் ஒண்ணாலே?"

"சொல்லிருந்தா இன்னா செய்வ? அடுத்த செவ்வாய்க்கெயமலேர்ந்து நான் இன்னா பேசுனாலும் ஆமா ஆமான்னு தலய ஆட்டுவ. இப்ப ஆட்டுனியே, அது மாதிரி. அந்த மூஞ்சிய எவன் பாப்பான்?"

அன்று நாம் நன்றாகவே சண்டை போட்டோம். பக்கத்து வீட்டிலிருந்து எட்டிப் பார்த்தார்கள். ஸ்டெல்லா கதவில் சாய்ந்து நின்று கேட்டுக்கொண்டிருந்தாள். ரொம்ப நாளைக்குப் பிறகு நீ ஒரு தம்ளர் கஞ்சியை மிச்சம் வைக்காமல் குடித்தாய் என்று பிறகு சொன்னாள். ஆனால் நான் எத்தனை சொல்லியும் நீ உன் தோல்வியைத் திரும்ப எடுத்துக்கொள்ளவில்லை. "குடுத்தது குடுத்ததுதான். வெச்சிகினு ஆடு."

கிறிஸ்துமஸ் குடில் கட்டத் தொடங்கும் முன்பே போய்விட்டாய். உன் அடக்கப் பூசையில் மைக் கூவென்று கத்தியது. ஊருக்கெல்லாம் சத்தம் சரிசெய்தவன் பெட்டிக்குள் படுத்திருக்க, எவனோ ஒருத்தன் கொண்டுவந்த மைக். ஜெரி அழுதுகொண்டிருந்தான், அவனை எழுப்ப முடியாது. நான் எழுந்து போய் அந்த ஆளின் காதருகே, "வால்யூமைக் குறையும்வே" என்று பல்லைக் கடித்தேன். ஃபாதர் என்னைப் பார்த்தார். பார்க்கட்டும்.

அப்புறம் லாரிக்காரன் கதை. அது தெரியாமல் போய்விட்டாய். அவன் ஒப்பந்தம் முடிந்தது, கம்பெனி நீட்டிக்கவில்லை. கடைசி இரவு, சட்டப்படி தோற்றான். நேற்று வந்த ஒரு சின்னப் பயலிடம். ஆனால் எப்படித் தோற்றான் தெரியுமா? ஒவ்வொரு அடிக்கும் எலும்பு முறிந்ததுபோல் விழுந்தான். அந்தப் பயலின் சாதாரணக் குத்துகூட இடி மாதிரி தெரிந்தது. ஆட்டம் முடிவதற்குள் யாருக்கும் தெரியாத பயல் ஒரு ஆளாகிவிட்டான். கூட்டம் அவனுக்கும் கத்தியது, போகிறவனுக்கும் கத்தியது. குடோனில் தனியாக உட்கார்ந்து நானும் கை தட்டினேன்.

அடுத்த வாரமே அந்தப் பயலை மாப்பிள்ளைக்கு முன்னால் நிறுத்தி, நான் டீயை ஆற்றுவதற்குள் தோற்கடித்துவிட்டார்கள். ஒருத்தன் உடம்பை விட்டுக் கொடுத்துவிட்டுப் போனதை ஒரே வாரத்தில் குப்பையில் போட்டார்கள். இதை என்னால் பொறுக்க முடியவில்லை. வியாபாரமாகப் பார்த்தாலும் முட்டாள்தனம். கையில் கொடுத்த முதலீட்டைக் காலில் போட்டு மிதிக்கிறவன் எப்படி வியாபாரி ஆவான்? டிவியைப் பார்த்துக் கத்தினேன். கீழிருந்து மருமகன் ஓடி வந்து, "மாமா, யார்கூட பேசுறீங்க?" என்றான்.

போன மாதம் ஸ்டெல்லா போன் செய்து வரச் சொன்னாள். ஜெரிதான் இப்போது மைக்செட்டைப் பார்த்துக்கொள்கிறான். உங்கள் குப்பத்துச் சந்தில் வருடத்துக்கு ஒருமுறை மாதா தேர் வருமே, நீ ஏறக்குறைய சும்மா கட்டிக் கொடுப்பாயே, அதே நாளில் அடையாறில் ஒரு பெரிய ஓட்டலில் ஏதோ கம்பெனி விழா. நல்ல பணம், மேலும் நாலு வேலைக்கு வழி. ஜெரி ஓட்டலுக்குப் போகிறேன் என்கிறான், ஸ்டெல்லாவுக்கு மனம் இல்லை. "அண்ணன் வியாபாரம் தெரிஞ்சவரு. அவரு சொல்றதக் கேக்கிறோம்" என்று இரண்டு பேரும் என் முகத்தைப் பார்த்தார்கள்.

எனக்கு யோசிக்கவே தேவையில்லாத விஷயம். ஓட்டல்தான். தொழிலை ஒரு படி ஏற்றும் சந்தர்ப்பம், சந்துக்காரர்கள் கோபித்துக்கொண்டால் அடுத்த வருடம் பார்த்துக்கொள்ளலாம். இதைச் சொல்லத்தான் வாயைத் திறந்தேன்.

"வருசம் பூரா காத்துக்கிட்டு இருக்கவங்களுக்கு ஒரு நாள் குடுக்கணும்லே ஜெரி" என்று வந்தது.

ஜெரி என்னை உற்றுப் பார்த்தான். "அண்ணே, இது மாமா பேச்சு. உங்க பேச்சு சொல்லுங்க."

"என் பேச்சு கெடக்கட்டும். ஓட்டல்காரன்கிட்ட வேற தேதி கேளு. தரலன்னா விடு. போய்ச் சந்துல கட்டு."

"நஷ்டம்ணே."

"நஷ்டம்தான். எனக்குத் தெரியாதா?"

ஓட்டல்காரன் வேறு தேதி தரவில்லை. வேறு மைக்செட்டுக்குப் போய்விட்டான். ஜெரி இரண்டு நாள் என்னோடு முகம் கொடுத்துப் பேசவில்லை. அவன் கோபம் நியாயம். கணக்குப்படி நான் சொன்னது தப்பு, இன்றைக்கும் தப்பு என்றே சொல்வேன். அவன் நஷ்டம் என்றதற்கு நீயாக இருந்தால் கண்ணை மூடிக்கொண்டு, கையை ஆட்டி, கூட்டம் எங்கே எப்படிக் கத்தும் என்று சொல்லி அவனைச் சிரிக்க வைத்தே அனுப்பியிருப்பாய். எனக்கு வந்ததெல்லாம் அதட்டல்தான். நீ எனக்குக் கொடுத்துவிட்டுப் போன வெற்றியை என்னால் இன்னும் வாங்கிக்கொள்ள முடியவில்லை. அதற்குப் பதிலாக உன் தோற்ற கட்சியைத் தூக்கிக்கொண்டு திரிகிறேன், போகிற இடமெல்லாம் அதைப் பேசுகிறேன், பேசும் இடமெல்லாம் தோற்கிறேன்.